நிரப்பிய விளக்குகள் 362. எழுதிய கடிதங்கள் 235

அமெரிக்க உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருந்த 1864-ஆம் ஆண்டில், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வேலண்ட் என்னும் சிற்றூரில் வாழ்ந்த 62 வயதுப் பெண்மணி ஒருவர், அந்த ஓராண்டில் தாம் செய்த வேலைகளை எல்லாம் நாட்குறிப்பில் பட்டியலிட்டார். சமைத்த காலை உணவு 362. சமைத்த பகலுணவு 360. கூடத்தையும் சமையலறையையும் பெருக்கித் துடைத்தது 350 முறை. விளக்குகளை நிரப்பியது 362 முறை. கிழிசல் தைத்த காலுறைகள் 70 இணை. விடுதலை பெற்ற அடிமைப் பெண்களுக்காகச் செய்த ஊசிப் பைகள் 25. கணவருக்குத் தைத்த சட்டைகள், மருத்துவமனைகளில் கிடந்த போர்வீரர்களுக்குப் பின்னிய காலுறைகள், அவர்களுக்காகப் போட்ட ஊறுகாய் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. இவற்றோடு ஒன்றாக, தனித் தலைப்பு எதுவும் இல்லாமல், எழுதிய கடிதங்கள் 235, செய்தித்தாள்களுக்கு எழுதிய கட்டுரைகள் 6, எழுதி முடித்த உயில் 1 ஆகியனவும் இடம்பெறுகின்றன.

அந்தப் பெண்மணியின் பெயர் லிடியா மரியா சைல்ட். நன்றியறிதல் நாளன்று பனியில் வண்டியேறித் தாத்தா வீட்டுக்குச் செல்வதைப் பற்றி அவர் 1844-இல் எழுதிய பாட்டை அமெரிக்கக் குழந்தைகள் இன்றும் பாடுகிறார்கள். எழுதியவர் யார் என்பது பாடுகிறவர்களில் பலருக்குத் தெரியாது. அவர் வாழ்ந்த காலத்திலோ, வீட்டுக்கு வீடு தெரிந்த பெயர் அது. முதலில் சமையற்கட்டில் அந்தப் பெயர் பரவியது. பின்னர் அடிமை முறையை எதிர்த்தவர்களின் வரிசையில் நின்றதால் அதே வீடுகளில் அந்தப் பெயர் வெறுக்கப்பட்டது.

பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் அந்தப் பட்டியலை நான் வேறொரு கண்கொண்டும் பார்க்கிறேன். அதில் உள்ள வேலைகளில் தேசிய வருமானக் கணக்கில் சேரத் தக்கவை எவை? பதிப்பாளர் பணம் கொடுத்திருந்தால் எழுத்துப் பணி சேரும். மற்றவை எவையும் சேரா. தன் வீட்டுப் பணிப்பெண்ணை ஒருவர் மணந்துகொண்டால் நாட்டின் வருமானம் குறைந்துவிடும் என்று ஆங்கிலப் பொருளியலறிஞர் பிகு சுட்டிக்காட்டிய விநோதத்தை ஒவ்வோராண்டும் முதலாண்டு மாணவர்களுக்குச் சொல்வதுண்டு, வகுப்பு சிரிக்கும். சைமன் குஸ்நெட்ஸ் 1934-இல் அமெரிக்காவின் தேசிய வருமானத்தைக் கணக்கிட்டபோதும் இல்லத்தரசிகளின் உழைப்பை வெளியே நிறுத்தினார். அதற்கு எழுபதாண்டுகளுக்கு முன்பே, கணக்கில் வராத அந்த உழைப்பை ஒரு பெண் தாமே எண்ணிக் குறித்து வைத்திருக்கிறார். அடிமை முறைக்கு எதிரான அவருடைய போராட்டம் நடந்ததும் அந்தக் கணக்கிலிருந்து மிச்சம் பிடித்த நேரத்திலும் காசிலும்தான்.

1802 பிப்ரவரி 11 அன்று பாஸ்டனுக்கு அருகிலுள்ள மெட்ஃபோர்டில் அவர் பிறந்தார். தந்தை கான்வர்ஸ் பிரான்சிஸ், ரொட்டி சுடும் தொழிலால் முன்னேறியவர். அவருடைய அடுமனையின் மொறுமொறுப்பான பிஸ்கட்டுகளுக்கு அக்காலத்தில் நல்ல பெயர் உண்டு. பிள்ளைகளில் கடைக்குட்டியான லிடியாவுக்குப் பன்னிரண்டு வயதில் தாய் இறந்தார். புத்தகப் பித்துப் பிடித்த அண்ணன் ஹார்வர்டுக்குச் சென்றார். அதே பித்துப் பிடித்த தங்கை, மணமாகி மெய்ன் பகுதியில் வாழ்ந்த அக்காள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அங்கே வீட்டு வேலை கற்றார். பின்னர்ச் சிறிது காலம் பள்ளி ஆசிரியையாக இருந்தார். மதகுருவாகிவிட்ட அண்ணனின் வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் அவருக்கு நல்ல நூலகம் ஒன்று கிடைத்தது. 1824-இல், 22 வயதில், செவ்விந்திய இளைஞன் ஒருவனை வெள்ளையினப் பெண் மணப்பதைக் கதையாகக் கொண்ட 'ஹோபமோக்' என்ற நாவலை எழுதினார். பாஸ்டன் முதலில் முகம் சுளித்தது, பிறகு பாராட்டியது. 1826-இல் சிறுவர்களுக்கென அவர் தொடங்கிய இதழ் குழந்தைகள் வாசல்படியில் காத்திருந்து வாங்கும் அளவுக்குப் புகழ் பெற்றது.

1828-இல் டேவிட் லீ சைல்ட் என்ற வழக்கறிஞரை மணந்தார். டேவிட் நேர்மையானவர், பல மொழிகள் அறிந்தவர், அநீதி எங்கு நடந்தாலும் அங்கே போய் நிற்பவர். பணத்தைப் பொறுத்தவரை மட்டும் அவர் கையில் ஓட்டை. அவர் நடத்திய அரசியல் செய்தித்தாள் நட்டத்தில் ஓடியது, அவதூறு வழக்குகள் வந்தன, சிறைக்கும் போனார். மணமான நாள் முதல் அந்தக் குடும்பத்தைத் தாங்கியது மனைவியின் பேனா. அவர்களுக்குக் குழந்தை இல்லை.

இந்த நெருக்கடியில் பிறந்ததே 1829-இல் வெளிவந்த 'சிக்கனமான இல்லத்தரசி' என்ற நூல். அதுவரை வந்த சமையல் நூல்கள் பணியாளர்கள் வைத்துக்கொள்ளும் வீடுகளுக்காக எழுதப்பட்டவை. சைல்ட் தம் நூலைச் சிக்கனத்துக்கு வெட்கப்படாதவர்களுக்குக் காணிக்கையாக்கினார். எந்தத் துணுக்கையும் வீணாக்காமல் சேர்த்து வைப்பதுதான் குடும்பம் நடத்தும் கலை, துணுக்கு என்பது பொருளுக்கு மட்டுமன்றி நேரத்துக்கும் பொருந்தும் என்று தொடங்கும் அந்த நூல், மலிவான இறைச்சித் துண்டை எப்படி வேகவைப்பது என்பதிலிருந்து பழைய கடிதங்களின் பின்பக்கத்தை எழுதுவதற்கு எடுத்து வைப்பது வரை அனைத்தையும் பேசியது. முப்பதுக்கும் மேற்பட்ட பதிப்புகள் கண்டது. நாகரிக எழுத்தாளர் நத்தானியேல் பார்க்கர் வில்லிஸ் தம் இதழில் இந்த நூலின் அற்பமான சிக்கனத்தை எள்ளி நகையாடினார். வில்லிஸின் பெயரை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். அவர் வீட்டுக்கு இன்னொரு முறை நாம் போக வேண்டியிருக்கும்.

எழுதிச் சம்பாதிக்கும் பெண்ணாக நிலைபெற்றுவிட்ட சைல்ட், 1830 வாக்கில் வில்லியம் லாயிட் கேரிசனைச் சந்தித்தார். 'லிபரேட்டர்' இதழைத் தொடங்கி அடிமை முறையை உடனடியாக ஒழிக்க வேண்டும் என்று முழங்கியவர் அவர். சைல்ட் ஏறத்தாழ மூன்றாண்டுகள் நூலகங்களில் அமர்ந்து படித்தார். 1833-இல் 'ஆப்பிரிக்கர் எனப்படும் அமெரிக்கர்கள் சார்பாக ஒரு முறையீடு' வெளிவந்தது. அடிமை வாணிகத்தின் வரலாறு, பண்டைய ரோமாபுரி அடிமை முறையோடு ஒப்பீடு, தென் மாநிலச் சட்டங்கள், அரசியலில் அடிமை உடைமையாளர்களின் பிடி, கறுப்பின மக்களின் அறிவாற்றல் என விரியும் அந்த நூலின் கடைசி அத்தியாயம்தான் வடபகுதி வாசகர்களைச் சுட்டது. பள்ளிகளிலும் தேவாலயங்களிலும் வண்டிகளிலும் கறுப்பினத்தவரை ஒதுக்கி வைக்கும் வடக்கு, தெற்கைக் குறை சொல்ல என்ன தகுதி பெற்றிருக்கிறது என்று அது கேட்டது. இரு இனத்தவர் மணம் செய்துகொள்வதைத் தடுத்த மாசசூசெட்ஸ் சட்டத்தையும் அவர் சாடினார். அந்தச் சட்டம் நீங்கியது பத்தாண்டுகள் கழித்து, 1843-இல்.

முறையீட்டின் ஓர் அத்தியாயம் முழுக்கப் பொருளியல் வாதம். அடிமையை வாங்கப் பெரும் முதல் முடங்குகிறது. நோயிலும் முதுமையிலும் அவனுக்குச் சோறு போட வேண்டும். நன்றாக உழைத்தாலும் அவனுக்குப் பயன் இல்லை என்பதால் அவன் உழைப்பில் ஊக்கம் இராது. எனவே கூலி உழைப்பே மலிவானது என்பது அதன் சாரம். ஆடம் ஸ்மித் காலந்தொட்டு வரும் வாதம்தான். 1974-இல் ஃபோகலும் எங்கர்மனும் பருத்தித் தோட்டங்களின் கணக்குகளை ஆராய்ந்து, அடிமை உழைப்பு உடைமையாளருக்கு நல்ல இலாபம் ஈட்டித் தந்தது என்று வாதிட்டுப் பெரும் சர்ச்சையைக் கிளப்பினார்கள். இலாபம் பற்றிய அந்த முடிவைப் பெரும்பாலான பொருளியலாளர்கள் இன்று ஏற்கிறார்கள். அதாவது, இலாபம் குறைந்து அடிமை முறை தானே உதிர்ந்துவிடும் என்று காத்திருந்திருந்தால் நெடுங்காலம் காத்திருக்க வேண்டியிருந்திருக்கும். சைல்டின் பொருளியல் அவ்வளவு வலுவானதன்று என்றே நான் கருதுகிறேன். அவருடைய நூல் அந்த ஓர் அத்தியாயத்தில் நிற்கவில்லை என்பது நல்வாய்ப்பு.

நூலுக்கான விலை உடனே வந்தது. அவருடைய பிற நூல்களின் விற்பனை சரிந்தது. பெற்றோர்கள் சிறுவர் இதழின் சந்தாவை நிறுத்தினார்கள்; 1834-இல் அவர் அதன் ஆசிரியப் பொறுப்பைக் கைவிட நேர்ந்தது. விருந்துக்கு அழைத்த வீடுகள் கதவை மூடின. மறுபுறம், அந்த நூலைப் படித்து இயக்கத்தின் பக்கம் திரும்பியவர்களில் வெண்டல் பிலிப்ஸ், சார்லஸ் சம்னர் போன்றோர் உண்டு. சம்னர் பின்னாளில் செனட் சபையில் அடிமை முறைக்கு எதிரான முதன்மைக் குரலானார்.

வாக்குரிமை இல்லாத பெண்கள் ஓர் அரசியல் இயக்கத்துக்கு எதைத் தர முடியும்? பணமும் கையெழுத்தும் தர முடியும் என்று கண்டுபிடித்தார்கள். பாஸ்டன் பெண்கள் அடிமை ஒழிப்புச் சங்கத்தில் சூசன் பால் போன்ற கறுப்பின ஆசிரியைகளும் வெள்ளையினப் பெண்களும் ஒன்றாக அமர்ந்தார்கள்; பாஸ்டன் சமூகத்துக்கு அதுவே பொறுக்கவில்லை. 1834-இல் சைல்டும் அவர் தோழி லூயிசா லோரிங்கும் சேர்ந்து இயக்கத்துக்காக ஒரு கைவினை விற்பனைச் சந்தையை நடத்தினார்கள். பின்னாளில் மரியா வெஸ்டன் சாப்மனின் நிர்வாகத்தில் அது ஆண்டுதோறும் கூடி இயக்கத்தின் முக்கிய வருவாயாக வளர்ந்தது. 1836-ஆம் ஆண்டுச் சந்தைக்குச் சைல்ட் தைத்ததாகக் கருதப்படும் தொட்டில் போர்வை ஒன்று இன்றும் பாதுகாக்கப்படுகிறது: சிறு துணி நட்சத்திரங்களை இணைத்துத் தைத்தது, நடு நட்சத்திரத்தில் குழந்தையைப் பறிகொடுத்த அடிமைத் தாயை நினைக்கச் சொல்லும் வரிகள் மையால் எழுதப்பட்டுள்ளன. தொட்டிலில் குழந்தையைக் கிடத்தும் ஒவ்வொரு முறையும் தாயின் கண்ணில் அது படும்.

கையெழுத்து வேட்டை இதைவிடக் கடினம். தலைநகரான வாஷிங்டனில் அடிமை முறையை நீக்கக் கோரும் மனுக்களை வைத்துக்கொண்டு பெண்கள் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். வந்து குவிந்த மனுக்களைப் படிக்காமலே ஒதுக்கி வைக்க 1836-இல் மக்களவை ஒரு விதியை நிறைவேற்றியது. 1844 வரை அது நீடித்தது. சைல்டும் நார்தாம்ப்டன் ஊரில் இப்படிக் கதவு தட்டியவர். அவருடைய அண்டை வீட்டுக்காரரே தென் கரோலினாவில் அடிமைகளை ஏலம் விட்டுச் செல்வம் சேர்த்துவிட்டு ஓய்வாக வந்து குடியேறியவர்.

இப்படிச் சிதறிக் கிடந்த பெண்களை ஒன்றாகக் கட்டியது கடிதம். ஆனால் அக்காலத்தில் கடிதம் விலை கூடிய பொருள். 1845-க்கு முன்பு அமெரிக்க அஞ்சல் கட்டணம் தூரத்தையும் தாள்களின் எண்ணிக்கையையும் பொறுத்தது. 150 மைலுக்கு மேல் 400 மைல் வரை ஒரு தாளுக்கு 18¾ சென்ட். அதற்கும் அப்பால் 25 சென்ட். உறையும் ஒரு தாளாகக் கணக்கிடப்பட்டதால் கடிதத்தையே மடித்து அரக்கு வைத்தார்கள். பெரும்பாலும் பெறுபவரே கட்டணம் செலுத்த வேண்டும் என்பதால், நீண்ட கடிதம் எழுதுவது தோழிக்குச் செலவு வைப்பதாகும். எனவே விளிம்பு வரை நெருக்கி எழுதினார்கள்; அந்தப் பக்கம் பயணம் போகிறவர் கையில் கொடுத்தனுப்பினார்கள்; வந்த கடிதத்தைக் குடும்பத்தார்க்கு உரக்கப் படித்துக் காட்டினார்கள்; பல கடிதங்கள் ஊர் சுற்றின. 1845-இல் கட்டணம் குறைந்தது. 1851-இல் முன்கட்டணம் செலுத்திய சாதாரணக் கடிதத்துக்கு 3 சென்ட் ஆனது. 1864-இல் சைல்ட் எழுதிய 235 கடிதங்களும் அரை அவுன்சுக்குள் இருந்தன என்று கொண்டால், மொத்தச் செலவு 7 டாலர் 5 சென்ட். முப்பதுகளில் பாஸ்டனிலிருந்து நியூயார்க்குக்கு அதே எண்ணிக்கையில் ஒற்றைத் தாள் கடிதங்கள் அனுப்பியிருந்தால் 44 டாலருக்கு மேல் ஆகியிருக்கும். அடிமை ஒழிப்பு இயக்கத்தின் வரலாறுகள் சொற்பொழிவாளர்களுக்கு ஒதுக்கும் பக்கங்களில் கொஞ்சத்தை அஞ்சல் கட்டணத்துக்கும் ஒதுக்கலாம்.

நார்தாம்ப்டனுக்கு அவர்கள் போனது 1838-இல். காரணம், டேவிடின் புதிய கனவு. கரும்புச் சர்க்கரை அடிமைகளின் உழைப்பில் விளைவது. அதைப் புறக்கணித்தால் போதாது, மாற்று ஒன்று வேண்டும் என்று அவர் எண்ணினார். ஐரோப்பாவுக்குச் சென்று பீட்ரூட்டிலிருந்து சர்க்கரை எடுக்கும் முறையைக் கற்று வந்து, மாமனார் உதவியுடன் நிலம் வாங்கிப் பயிரிட்டார். 1840-இல் இதைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். முதல் போதவில்லை, ஆள் கிடைக்கவில்லை, கடன் ஏறியது. எழுத்தாளர் மனைவி களை பறித்தார், சமைத்தார், துவைத்தார். எழுத நேரம் கிடைக்கவில்லை. 1843-இல் டேவிட் திவாலானார். பீட்ரூட் சர்க்கரைத் தொழில் அமெரிக்காவில் இலாபகரமாகக் காலூன்றியது 1879-இல், கலிஃபோர்னியாவின் அல்வராடோ ஆலையில். டேவிடின் திட்டம் நல்ல திட்டம், நாற்பதாண்டு முந்திவிட்டது. கடன்காரர்கள் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

திவாலுக்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1841-இல், ஆண்டுக்கு 1,000 டாலர் ஊதியத்தில் 'நேஷனல் ஆன்டி-ஸ்லேவரி ஸ்டாண்டர்ட்' என்ற இயக்க வார இதழின் ஆசிரியப் பொறுப்பேற்க சைல்ட் தனியே நியூயார்க் சென்றுவிட்டார். ஐசக் ஹாப்பர் என்ற குவேக்கர் முதியவரின் வீட்டில் தங்கினார். தப்பி வந்த அடிமைகளுக்குப் புகலிடம் தேடித் தந்தவர் அவர். இயக்கத்துக்குள் பிளவுபட்டுச் சண்டையிட்ட பிரிவுகள் ஒவ்வொன்றும் இதழ் தன் பக்கம் பேச வேண்டும் என்று நெருக்கின. பொதுமக்கள் விரும்பிப் படிக்கும் இதழாக அதை மாற்றிச் சந்தாவை உயர்த்திய சைல்ட், அந்த நெருக்கடி தாங்காமல் 1843-இல் விலகினார். அதில் அவர் கடித வடிவில் எழுதிவந்த நகரச் சித்திரங்களை நூலாக்கப் பதிப்பாளர்கள் தயங்கினார்கள். தாமே பொறுப்பேற்று வெளியிட்டார். 'நியூயார்க்கிலிருந்து கடிதங்கள்' விரைவாக விற்றுத் தீர்ந்தது.

அதே ஆண்டில் அவர் எடுத்த இன்னொரு முடிவு வெளியுலகுக்கு அதிகம் தெரியாதது. தம் வருமானத்தைக் கணவரின் வரவு செலவிலிருந்து பிரித்து வைத்தார். அன்றைய சட்டப்படி மணமான பெண்ணின் சம்பாத்தியம் கணவனுக்குச் சொந்தம். கணவனின் கடன்காரர்களும் அதன் மீது கை வைக்கலாம். வழக்கறிஞர் எல்லிஸ் கிரே லோரிங் என்ற குடும்ப நண்பரின் துணையோடுதான் அவரால் அந்தப் பணத்தைக் காக்க முடிந்தது. சில ஆண்டுகள் தம்பதியர் பெரும்பாலும் பிரிந்தே வாழ்ந்தார்கள். பின்னர் மீண்டும் சேர்ந்தார்கள். அன்பு குறையவில்லை என்பதற்குக் கடிதங்கள் சான்று. 1856-இல் அவர் ஓர் உயில் எழுதினார். கணவர் கையெழுத்திட்டால்தான் அது செல்லும் என்றிருந்தது. டேவிட் தயங்காமல் கையெழுத்திட்டார். ஆயினும் லோரிங்குக்கு எழுதிய கடிதத்தில் சைல்ட் கொதித்திருக்கிறார்: தம் பொருட்டு அன்று, தொன்றுதொட்டுப் பெண்ணினம் முழுவதும் உடைமைப் பொருளாக வைக்கப்பட்டிருப்பதன் பொருட்டு. அடிமை முறையைப் பற்றிப் பேசும்போது பயன்படுத்தும் சட்டச் சொல்லையே அங்கே அவர் எடுத்தாண்டார்.

1859 அக்டோபரில் ஜான் பிரௌன் வர்ஜீனியாவின் ஹார்ப்பர்ஸ் ஃபெரி ஆயுதக் கிடங்கைத் தாக்கிப் பிடிபட்டார். காயமடைந்து சிறையில் கிடந்தவருக்குப் பணிவிடை செய்ய அனுமதி கேட்டுச் சைல்ட் வர்ஜீனியா ஆளுநர் வைசுக்குக் கடிதம் எழுதினார். ஆளுநர் ஏளனமாகப் பதிலளித்தார். பிரௌன் சிறையிலிருந்து நன்றி தெரிவித்து, தம்மைவிடத் தம் மனைவி மக்களுக்கு உதவுங்கள் என்று கேட்டுக்கொண்டார். டிசம்பர் 2 அன்று தூக்கிலிடப்பட்டார். இதற்கிடையே, தப்பியோடும் அடிமைகளைப் பிடித்துத் தரும் 1850-ஆம் ஆண்டுச் சட்டத்தை வரைந்த செனட்டர் மேசனின் மனைவி, சைல்டைச் சாடி ஒரு கடிதம் எழுதினார். தெற்கத்திச் சீமாட்டிகள் அடிமைப் பெண்களின் பிரசவ வேதனையில் உடனிருக்கிறார்கள், கிறிஸ்துமசுக்கு உடை தைத்துத் தருகிறார்கள், வடக்கத்திப் பெண்கள் ஏழைகளுக்கு இப்படிச் செய்வதுண்டா என்பது அவர் கேள்வி.

சைல்டின் பதில் நீண்டது. அடிமைச் சட்டங்களையும் தென் மாநிலச் செய்தித்தாள் விளம்பரங்களையும் அடுக்கியது. உடை பற்றிய கேள்விக்கு அவர் தந்த பதிலில் 'சிக்கனமான இல்லத்தரசி'யின் குரல் கேட்கிறது. எங்கள் வேலைக்காரர்களுக்கு நாங்கள் நல்ல கூலி கொடுக்கிறோம். வேண்டிய உடையை அவர்களே வாங்கிக்கொள்வார்கள். உழைப்புக்கு உரிய ஊதியத்தைப் பறித்துவிட்டு அதைத் தானமாகத் திருப்பித் தருவதைவிட இரு தரப்புக்கும் இதுவே நல்லது என்றார். பிரசவத்துக்கு உதவும் வழக்கம் இங்கும் உண்டு என்று ஒப்புக்கொண்டவர், தாய்க்கு உதவிய பிறகு குழந்தையை நாங்கள் விற்பதில்லை என்று முடித்தார். இந்தக் கடிதப் போக்குவரத்தை இயக்கம் சிறு நூலாக வெளியிட்டது. 3,00,000 படிகள் போயின. தொட்டில் போர்வையில் தொடங்கிய கணக்கை நாடே படித்தது.

மறு ஆண்டு ஹேரியட் ஜேக்கப்ஸ் தம் கைப்பிரதியோடு வந்தார். வட கரோலினாவின் ஈடன்டனில் அடிமையாகப் பிறந்து, எசமானனின் தொல்லையிலிருந்து தப்பப் பாட்டி வீட்டுக் கூரையடியில் நிமிர்ந்து உட்காரவும் முடியாத ஓர் இடுக்கில் ஏறத்தாழ ஏழாண்டுகள் ஒளிந்திருந்தவர். 1842-இல் வடக்கே தப்பி வந்து, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பணிப்பெண்ணாக வாழ்ந்தார். அவருக்கு வேலை கொடுத்த வீடு, சைல்டின் நூலை எள்ளிய அதே நத்தானியேல் பார்க்கர் வில்லிஸின் வீடு. அடிமை முறை விஷயத்தில் வில்லிஸை நம்பாத ஜேக்கப்ஸ், அந்த வீட்டில் குழந்தைகள் உறங்கிய பின் கிடைத்த நேரத் துணுக்குகளில் மறைவாகவே தம் வாழ்க்கையை எழுதி முடித்திருந்தார்.

பதிப்பாளர்கள் சைல்டின் முன்னுரை கேட்டார்கள். சைல்ட் அதற்கு மேலும் செய்தார். நிகழ்ச்சிகளின் வரிசையைச் சீராக்கினார்; கொடுமைகளின் விவரத்தை ஒரே அத்தியாயத்தில் திரட்டினார்; ஜான் பிரௌனைப் பற்றிய கடைசி அத்தியாயத்தை நீக்கிவிட்டுப் பாட்டியின் நினைவோடு முடிக்கச் சொன்னார். இந்தக் கடைசி யோசனை எனக்கு உவப்பானதன்று. பிரௌனுக்குப் பணிவிடை செய்யத் துடித்தவர், அடிமையாக இருந்த பெண் பிரௌனைப் பற்றி என்ன நினைத்தார் என்பதை நாம் அறியவிடாமல் செய்துவிட்டார். ஒப்பந்தம் போட்ட பதிப்பகம் 1860 இறுதியில் திவாலாக, நூல் 1861-இல் ஆசிரியரின் பொறுப்பிலேயே வெளிவந்தது. முகப்பில் ஜேக்கப்ஸின் பெயர் இல்லை. தொகுப்பாசிரியர் என்று சைல்டின் பெயர் இருந்தது.

போர் ஆண்டுகளின் வாழ்க்கையை அந்த 1864 பட்டியலே சொல்லிவிடுகிறது. அதற்கு முந்தைய ஆண்டு, நெருங்கிய தோழி சாரா ஷாவின் மகன் இராபர்ட், கறுப்பின வீரர்கள் கொண்ட 54-ஆவது மாசசூசெட்ஸ் படைக்குத் தலைமையேற்று வாக்னர் கோட்டைத் தாக்குதலில் இறந்தான். அந்தத் தாய்க்கு எழுதிய கடிதங்களில் சைல்ட் தத்துவம் எதையும் பேசவில்லை. உடனிருந்து அழ முடியாத தூரத்தை நொந்துகொண்டார். 1865-இல், விடுதலை பெற்றவர்கள் எழுதப் படிக்கக் கற்பதற்காக 'விடுதலை பெற்றோர் நூல்' என்ற வாசிப்பு நூலைத் தொகுத்தார். டூசான் லூவெர்ச்சூர், ஃபிலிஸ் வீட்லி, ஃபிரெடரிக் டக்ளஸ் ஆகியோரின் வாழ்க்கையும், கறுப்பின எழுத்தாளர்களின் ஆக்கங்களும், வீட்டைத் தூய்மையாக வைத்துக்கொள்ளும் யோசனைகளும் அதில் இருந்தன. அச்சுச் செலவைத் தாமே ஏற்றார். 1868-இல் செவ்விந்தியர்களுக்காக இன்னொரு முறையீடு எழுதினார். ஒரே உடையைப் பல ஆண்டுகள் அணிந்து, வேலண்டின் சிறு வீட்டில் மிச்சம் பிடித்த பணத்தை எல்லாம் இப்படிச் செலவழித்துக்கொண்டிருந்தார்.

டேவிட் 1874-இல் இறந்தார். 1880 அக்டோபர் 20 அன்று சைல்ட் இறந்தார். இறுதிச் சடங்கில் வெண்டல் பிலிப்ஸ் பேசினார். 1882-இல் கவிஞர் விட்டியரின் முன்னுரையுடன் அவர் கடிதங்களின் ஒரு தொகுப்பு வெளிவந்தது. நூலகங்களிலும் குடும்பப் பெட்டிகளிலும் கிடந்தவற்றை எல்லாம் சேர்த்து முழுத் தொகுப்பு நுண்படலமாக வெளிவர 1980 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் உள்ளன.

இதற்கிடையில் ஹேரியட் ஜேக்கப்ஸின் நூல் மறக்கப்பட்டிருந்தது. நினைவில் வைத்திருந்த வரலாற்றாசிரியர்களும், அடிமையாக இருந்த பெண் இப்படி எழுதியிருக்க மாட்டார், முகப்பில் பெயருள்ள சைல்டே எழுதிய கற்பனைக் கதை இது என்று எண்ணினார்கள். 1980-களில் ஜீன் ஃபேகன் யெல்லின் என்ற ஆய்வாளர் கடிதங்களைத் தேடிச் சென்றார். ஜேக்கப்ஸ் தம் தோழி ஏமி போஸ்டுக்கு எழுதிய கடிதங்கள் ராச்செஸ்டரில் கிடைத்தன. நூலை எழுதிய காலத்துத் தயக்கமும் நடையும் அவற்றில் அப்படியே இருந்தன. சைல்ட் ஜேக்கப்ஸுக்கு எழுதிய கடிதங்களும் கிடைத்தன. நூல் முழுவதிலும் தாம் ஐம்பது சொற்களைக்கூட மாற்றவில்லை என்று 1861-இல் சைல்ட் வேறொரு தோழிக்கு எழுதிய கடிதமும் இருந்தது. 1987-இல் வெளிவந்த பதிப்பின் முகப்பில் ஆசிரியர் என்ற இடத்தில் ஹேரியட் ஜேக்கப்ஸின் பெயர் அச்சாகியிருந்தது.